ஆக்டிவா, பாசிவா? கடைசி இரண்டு சொற்களில் கண்டுபிடிக்கும் வழி

ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் பாடம் பெரும்பாலான வகுப்புகளில் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் "ராமா கில்ட் ராவணா", வலப்பக்கம் "ராவணா வாஸ் கில்ட் பை ராமா". அடுத்து ஒவ்வொரு டென்ஸுக்கும் ஒரு ஃபார்முலா. ஒரு வாரத்தில் பிள்ளைகள் இந்தப் பக்கத்து வாக்கியத்தை அந்தப் பக்கம் தள்ளப் பழகிவிடுகிறார்கள். அதே பிள்ளையின் கையில் ஆங்கில நாளிதழின் சேலம் பக்கத்தைக் கொடுத்து, "இதில் எதெல்லாம் பாசிவ்?" என்று கேட்டால், "பை எங்கேயும் இல்லையே சார், எல்லாம் ஆக்டிவ்தான்" என்று பதில் வருகிறது.

அடையாளம் காணத் தெரியாதவருக்கு மாற்றக் கற்றுக்கொடுப்பது தலைகீழ் வேலை என்பது என் கருத்து. அதனால் இந்த வழிகாட்டியில் மாற்றும் ஃபார்முலா எதுவும் கிடையாது. ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால் அது செய்வினையா, செயப்பாட்டுவினையா என்று எப்படிச் சொல்வது, அது மட்டும்தான். பத்தாம் வகுப்புக்காரர்களுக்கும் எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இதே வழிதான். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதல் படி: வினையைத் தனியே எடுங்கள்

வாக்கியம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதலில் எழுவாயையும் அதற்குரிய வினைத்தொடரையும் பிடிக்க வேண்டும். "தி சேலம் ஸ்டீல் பிளான்ட் ப்ரொட்யூசஸ் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்." எழுவாய் ஸ்டீல் பிளான்ட். வினை "ப்ரொட்யூசஸ்". இங்கே வினை ஒரே சொல்தான். அப்படியானால் மேலே யோசிக்கவே வேண்டாம், அது ஆக்டிவ். முழு வாக்கியத்தில் பாசிவ் வினை ஒற்றைச் சொல்லாக வராது. குறைந்தது இரண்டு சொல் வேண்டும்.

வினைத்தொடருக்கு நடுவே "நாட்", "ஆல்வேஸ்", "கேர்ஃபுல்லி" போன்றவை புகுந்து உட்கார்ந்திருக்கும். அவற்றை எடுத்துவிடுங்கள். "தி கோச்சஸ் வேர் நாட் ப்ராப்பர்லி க்ளீன்ட்" என்பதில் நமக்கு வேண்டியது "வேர் க்ளீன்ட்" மட்டும். கேள்வி வாக்கியமாக இருந்தால் எழுவாய் நடுவில் நிற்கும். "வாஸ் தி போட் ரிப்பேர்ட்?" என்பதில் போட்டை நகர்த்தினால் "வாஸ் ரிப்பேர்ட்" கிடைக்கும்.

இரண்டாம் படி: கடைசி இரண்டு சொற்கள்

இதுதான் முழு விஷயமும். சேலம் ஜங்ஷனில் நின்று ஒரு ரயிலைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எத்தனை பெட்டி கோத்திருந்தாலும் கடைசி இரண்டு பெட்டிகளை மட்டும் பார்த்தால் போதும். வினைத்தொடரிலும் அப்படியே.

கடைசிச் சொல் வினையின் மூன்றாம் வடிவமாக இருக்க வேண்டும். டேக், டுக், டேக்கன் என்று மனப்பாடம் செய்தோமே, அதில் டேக்கன். அதற்கு முந்தைய சொல் "பி" குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் எட்டுப் பேர்தான்: ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீயிங், பீன். இந்த இரண்டும் அடுத்தடுத்து நின்றால் பாசிவ். இல்லையென்றால் ஆக்டிவ்.

ஒரே பஸ்ஸை வைத்துப் பார்ப்போம்.

"தி பஸ் ஹாஸ் லெஃப்ட் ஃபார் ஏற்காடு." கடைசிச் சொல் லெஃப்ட், மூன்றாம் வடிவம்தான். ஆனால் முன்னால் இருப்பது ஹாஸ், பி குடும்பம் இல்லை. ஆக்டிவ்.

"தி பஸ் ஹாஸ் பீன் ரிப்பேர்ட்." பீன், ரிப்பேர்ட். பாசிவ்.

"தி மெக்கானிக் ஹாஸ் பீன் ரிப்பேரிங் தி பஸ்." பீன் இருக்கிறது, ஆனால் கடைசிச் சொல் "இங்" வடிவம். ஆக்டிவ்.

"தி பஸ் இஸ் பீயிங் ரிப்பேர்ட்." பீயிங், ரிப்பேர்ட். பாசிவ்.

"தி பஸ் வில் பி ரிப்பேர்ட் டுமாரோ." பி, ரிப்பேர்ட். பாசிவ்.

"தி பஸ் ஷுட் ஹாவ் பீன் ரிப்பேர்ட் எஸ்டர்டே." வினையில் நாலு சொல் இருக்கிறது என்று பயப்படத் தேவையில்லை. கடைசி இரண்டு பீன், ரிப்பேர்ட். பாசிவ்.

இந்த ஆறையும் ஒருமுறை ஊன்றிப் பார்த்துவிட்டால், டென்ஸ் அட்டவணை இல்லாமலே பாதிப் பாடம் முடிந்துவிடும். "ஹாஸ் பீன்" என்று பார்த்தவுடன் பாசிவ் என்று முடிவு கட்டுவதும், "இங்" என்று பார்த்தவுடன் ஆக்டிவ் என்று முடிவு கட்டுவதும்தான் அதிகம் நடக்கிற தவறுகள். "இஸ் பீயிங் ரிப்பேர்ட்" இரண்டாவது தவறுக்கென்றே செய்து வைத்த பொறி.

ஒரு சின்ன எச்சரிக்கை. கட், புட், ஷட், ரீட் போன்ற வினைகளுக்கு மூன்று வடிவங்களும் எழுத்தில் ஒன்றே. "தி கார்டனர் கட் தி கிராஸ்" ஆக்டிவ், "தி கிராஸ் வாஸ் கட்" பாசிவ். வாஸ் மட்டும்தான் வித்தியாசம் காட்டுகிறது. அதனால்தான் வடிவத்தை மட்டும் பார்க்காமல் முன்னால் நிற்பதையும் பார்க்கச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: "பை"யை நம்பாதீர்கள்

"பை" இருந்தால் பாசிவ், இல்லாவிட்டால் ஆக்டிவ் என்பது கேட்க எளிதாக இருக்கும் குறுக்குவழி. இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

"தி டூரிஸ்ட்ஸ் சாட் பை தி லேக்." ஏற்காடு ஏரி ஓரமாக உட்கார்ந்தார்கள். ஆக்டிவ். "வி வென்ட் பை பஸ்." ஆக்டிவ். "தி ஷாப் க்ளோசஸ் பை டென்." அதுவும் ஆக்டிவ்தான். "பை" என்பது இடத்தையும் நேரத்தையும் போகும் வழியையும்கூடச் சொல்லும். செய்தவரைச் சொல்வது அதன் பல வேலைகளில் ஒன்று.

மறுபக்கம், பாசிவ் வாக்கியங்கள் பெரும்பாலும் "பை" இல்லாமல்தான் வருகின்றன. "தி மேட்டூர் டேம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934." கட்டியவர் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. "தி ஃப்ளவர் ஷோ இஸ் ஹெல்ட் இன் மே." யார் நடத்துகிறார்கள் என்பது இங்கே தேவையில்லை. "தி சேலம் ரயில்வே டிவிஷன் வாஸ் ஃபார்ம்ட் இன் 2007." யார் உருவாக்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். செய்தவர் தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும், சொல்ல விரும்பாதபோதும்தான் ஆங்கிலம் பாசிவைத் தேடிப் போகிறது. "மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்று ஓர் அதிகாரி அறிக்கை விட்டால் மூன்றாவது காரணம் என்று புரிந்துகொள்ளலாம்.

நான்காம் படி: "பட்டது" வைத்துப் பார்க்காதீர்கள்

நம்மவர்கள் எல்லோரும் செய்கிற வேலை இது. வாக்கியத்தை மனதுக்குள் தமிழாக்கி, "பட்டது" வந்தால் பாசிவ் என்று வைத்துக்கொள்கிறோம். சில சமயம் சரியாக வரும். பல சமயம் கவிழ்த்துவிடும்.

"ராஜாஜி வாஸ் பார்ன் இன் 1878." தமிழில் "பிறந்தார்", பட்டதும் இல்லை கெட்டதும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் வாஸ், பார்ன். வடிவத்தில் சுத்தமான பாசிவ். அவர் பிறந்த தொரப்பள்ளி அன்றைக்குச் சேலம் மாவட்டம். பின்னாளில் சேலம் நகராட்சியின் தலைவரானார்: "ஹி பிகேம் சேர்மன் ஆஃப் தி சேலம் முனிசிபாலிட்டி இன் 1917." இது ஆக்டிவ். இதையே "ஹி வாஸ் தி சேர்மன்" என்று எழுதினால் வாஸ் இருக்கிறது, ஆனால் பின்னால் வருவது பெயர்ச்சொல், மூன்றாம் வடிவம் இல்லை. பாசிவ் ஆகாது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். சந்தோஷப்பட்டான், கஷ்டப்பட்டான், ஆசைப்பட்டான் என்று தமிழில் எத்தனையோ "பட்டான்" உண்டு. ஒன்றுகூட செயப்பாட்டுவினை இல்லை. "மை அங்கிள் சஃபர்ட் எ லாஸ்" என்றால் மாமா நஷ்டப்பட்டார், பாவம். அதற்காக வாக்கியம் பாசிவ் ஆகிவிடாது. "ஷி ரிசீவ்ட் எ ப்ரைஸ்" என்பதிலும் அவள் வாங்கிக்கொள்பவள்தான், செய்பவள் இல்லை. ஆனாலும் ஆக்டிவ். வாய்ஸ் என்பது வினையின் வடிவத்தில் இருப்பது. யார் தலையில் என்ன விழுந்தது என்பதில் இல்லை.

இன்னொரு இடத்தில் மட்டும் தமிழ் நமக்குப் பெரிய கைகொடுக்கிறது. உடைந்தது, உடைத்தான், உடைக்கப்பட்டது என்று நம்மிடம் மூன்று தனித்தனி வடிவங்கள் உண்டு. ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் "ப்ரோக்" ஒன்றுதான்.

"தி கிளாஸ் ப்ரோக்." கிளாஸ் உடைந்தது. ஆக்டிவ்.
"தி பாய் ப்ரோக் தி கிளாஸ்." பையன் உடைத்தான். ஆக்டிவ்.
"தி கிளாஸ் வாஸ் ப்ரோக்கன்." கிளாஸ் உடைக்கப்பட்டது. பாசிவ்.

முதல் வாக்கியத்தைத்தான் பலர் பாசிவ் என்று குறிக்கிறார்கள், கிளாஸ் தானாக உடையுமா என்ற நியாயத்தில். இலக்கணத்துக்கு அந்த நியாயம் தேவையில்லை. கதவு திறந்தது, "தி டோர் ஓப்பன்ட்". விலை ஏறியது, "தி ப்ரைஸ் ரோஸ்". மாம்பழம் விழுந்தது, "தி மேங்கோ ஃபெல்". எல்லாமே ஆக்டிவ். தமிழில் "உடைந்தது" வகையாக வந்தால் ஆங்கிலத்திலும் பெரும்பாலும் ஆக்டிவ் என்று நினைவில் கொள்ளலாம்.

இதோடு சேர்ந்ததுதான் "ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்" என்ற பிரபலமான பிழை. ஹேப்பன், அரைவ், டை, ஃபால் போன்ற வினைகளுக்குச் செயப்படுபொருள் கிடையாது. செயப்படுபொருள் இல்லாத வினையிலிருந்து பாசிவ் பிறக்காது. "ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்" என்றாலே போதும். அதேபோல, "தி காட் ரோட் ஹாஸ் 20 ஹேர்பின் பெண்ட்ஸ்" என்ற வாக்கியத்தில் பெண்ட்ஸ் செயப்படுபொருள்போலத் தெரிந்தாலும் இந்த "ஹாஸ்" பாசிவுக்கு வராது. காஸ்ட் (விலை ஆகு), லாக் (இல்லாதிரு), ரிசெம்பிள் (ஒத்திரு) ஆகியவையும் இதே ரகம்.

ஐந்தாம் படி: குரங்குச் சோதனை

கடைசி இரண்டு சொல் விதியும் தடுமாறுகிற ஓர் இடம் உண்டு. "ஐ ஆம் டயர்ட்." ஆம், டயர்ட். விதிப்படி பாசிவ். உண்மையில் டயர்ட் இங்கே பெயரடை, களைப்பாக இருக்கிறேன் என்று நிலையைச் சொல்கிறது. "ஷி இஸ் இன்டரெஸ்டட் இன் மியூசிக்", "மை சிஸ்டர் இஸ் மேரிட்" என்பவையும் அப்படியே.

ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் சிலர் இதற்கு "பை ஸோம்பிஸ்" என்று சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். நமக்கு ஸோம்பி எதற்கு? ஏற்காட்டு மலைப்பாதையில் குரங்குகள் இருக்கின்றன. வினைக்குப் பின்னால் "பை மங்கீஸ்" சேருங்கள். குரங்குகளால் என்று பொருள் வந்தால் பாசிவ்.

"தி பேக் வாஸ் ஸ்னாட்ச்ட்" என்பதில் "பை மங்கீஸ்" அழகாகச் சேர்கிறது. ஏற்காடு போனவர்கள் மறுக்க மாட்டார்கள். "தி பேக் ஃபெல் பை மங்கீஸ்" சேரவில்லை. "தி டூரிஸ்ட்ஸ் சாட் பை மங்கீஸ்" என்றால் சேர்கிறது, ஆனால் குரங்குகள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று பொருள் மாறிவிடுகிறது. "குரங்குகளால்" என்ற பொருள் வந்தால் மட்டுமே தேர்ச்சி. "மை சிஸ்டர் இஸ் மேரிட் பை மங்கீஸ்" என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூடவே இன்னொரு சோதனை: "வெரி" சேருங்கள். "ஐ ஆம் வெரி டயர்ட்" சரி, அதனால் பெயரடை. "தி பேக் வாஸ் வெரி ஸ்னாட்ச்ட்" சரியில்லை, அதனால் வினை.

இரண்டு சோதனைக்கும் பிடிகொடுக்காத வாக்கியங்களும் உண்டு. "தி கேட் வாஸ் க்ளோஸ்ட் அட் நைன்." ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினார்களா, ஒன்பது மணிக்குப் பார்த்தபோது சாத்தியிருந்ததா? இரண்டு பொருளும் வரும். முதல் பொருளில் பாசிவ், இரண்டாவதில் நிலை. முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். தேர்வில் தனி வாக்கியமாக வந்தால் பாசிவ் என்று எழுதுவதே பாதுகாப்பு.

ஆறாம் படி: ஒரே வாக்கியத்தில் இரண்டு வினை

செய்தித்தாள் வாக்கியம் ஒற்றை வினையோடு நிற்பது அபூர்வம். "வாட்டர் வாஸ் ரிலீஸ்ட் ஃப்ரம் தி மேட்டூர் டேம் ஆஃப்டர் தி லெவல் ரீச்ட் 120 ஃபீட்." தண்ணீர் திறந்துவிடப்பட்டது பாசிவ், நீர்மட்டம் 120 அடியை எட்டியது ஆக்டிவ். இந்த வாக்கியம் ஆக்டிவா பாசிவா என்று கேட்பதே தப்பு. வாய்ஸ் வினைக்கு உரியது. ஒவ்வொரு வினையையும் தனியே நிறுத்திக் கேட்க வேண்டும்.

"தி லெவல் இஸ் எக்ஸ்பெக்டட் டு ரைஸ்." இஸ் எக்ஸ்பெக்டட் பாசிவ், டு ரைஸ் ஆக்டிவ். "ஷி வான்ட்ஸ் டு பி செலெக்டட்." வான்ட்ஸ் ஆக்டிவ், டு பி செலெக்டட் பாசிவ்.

இன்னும் கொஞ்சம் ஒளிந்திருப்பது: "தி ஆங்க்லெட்ஸ் மேட் இன் சேலம் ஆர் சோல்ட் இன் மெனி ஸ்டேட்ஸ்." சேலத்தில் செய்த கொலுசுகள் பல மாநிலங்களில் விற்கப்படுகின்றன. பிரதான வினை ஆர் சோல்ட், பாசிவ். "மேட்" இங்கே பிரதான வினை அல்ல. "விச் ஆர் மேட்" என்பதில் "விச் ஆர்" கழன்று விழுந்து மீந்தது. அதுவும் பாசிவ் பொருள்தான். ஆனால் அதைப் பிரதான வினை என்று எடுத்துக்கொண்டு "ஆங்க்லெட்ஸ் மேட்", ஒரே சொல், ஆக்டிவ் என்று போனால் மாட்டிக்கொள்வீர்கள். "ஷெவராய் மலையில் விளைந்த காபி" என்பதற்கு "தி காஃபி க்ரோன் ஆன் தி ஷெவராய்ஸ்" என்று எழுதினாலும் இதே கதை.

போர்டு படிப்பது

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு வட்டாரத்தில் ஒரு நடை நடந்தால் இலவசமாகப் பயிற்சி கிடைக்கும். போர்டுகளில் இடம் குறைவு என்பதால் பி குடும்பத்தைத் தூக்கிவிடுவார்கள். "டிரைவர் வான்டட்" என்றால் "எ டிரைவர் இஸ் வான்டட்", பாசிவ். "ப்ளாஸ்டிக் நாட் அலவுட்" என்பதும் பாசிவ். "நோ பார்க்கிங்" என்பதில் முழு வினையே இல்லை, அதனால் வாய்ஸும் இல்லை. "டு நாட் ஃபீட் தி மங்கீஸ்" கட்டளை, எழுவாய் "யூ" மறைந்திருக்கிறது, ஆக்டிவ். "ஃபீடிங் மங்கீஸ் இஸ் ப்ரொஹிபிடட்" பாசிவ். கட்டளையைப் பாசிவாக்கச் சொல்லி "லெட் தி மங்கீஸ் நாட் பி ஃபெட்" என்று எழுத வைக்கும் வழக்கம் தேர்வுத்தாளில் மட்டும் உயிரோடு இருக்கிறது. எந்த மலையிலும் அப்படி ஒரு போர்டு வைக்க மாட்டார்கள். மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு மறந்துவிடுங்கள்.

பேச்சில் "மை ஃபோன் காட் ஸ்டோலன்" என்று "காட்" வருவதுண்டு. குரங்குச் சோதனையில் தேறுகிறது, பாசிவ்தான். கெட் இங்கே பி குடும்பத்தின் வேலையைப் பார்க்கிறது. தேர்வுகளில் அபூர்வம்.

ஒரு பயிற்சி

ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லும் எழுத்தில்தான் பாசிவ் கொட்டிக் கிடக்கும். சேலத்து ஜவ்வரிசி ஆலையில் நடப்பதை ஆறு வாக்கியங்களில் தருகிறேன். விடையைப் பார்க்கும் முன் ஒவ்வொரு வினைக்கும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஃபார்மர்ஸ் பிரிங் டபியோகா டு தி ஃபேக்டரி.
2. தி டியூபர்ஸ் ஆர் வாஷ்ட், பீல்ட் அண்ட் க்ரஷ்ட்.
3. தி மில்க் இஸ் ஸ்ட்ரெய்ன்ட் அண்ட் லெஃப்ட் இன் டேங்க்ஸ்.
4. தி ஸ்டார்ச் ஸ்லோலி செட்டில்ஸ் அட் தி பாட்டம்.
5. தி வெட் ஸ்டார்ச் இஸ் தென் ஷேப்ட் இன்டு ஸ்மால் பால்ஸ், விச் ஆர் ரோஸ்டட் ஆன் ஹாட் ப்ளேட்ஸ்.
6. பை ஈவினிங், தி சேகோ ஸ்ப்ரெட் ஆன் தி யார்ட் ஹாஸ் ட்ரைட்.

முதலாவது ஆக்டிவ், விவசாயிகள் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவருகிறார்கள். இரண்டாவதில் மூன்று பாசிவ். ஒரே "ஆர்" மூன்றுக்கும் பொது, பீல்டுக்கும் க்ரஷ்டுக்கும் முன்னால் அது மறைந்து நிற்கிறது. மூன்றாவதில் இரண்டு பாசிவ். இங்கே "லெஃப்ட்" என்பதைப் பஸ் கிளம்பிய "லெஃப்ட்" என்று படித்துவிடக் கூடாது. "இஸ் லெஃப்ட்", அரைத்த கிழங்கின் பால் தொட்டியில் விடப்படுகிறது. நான்காவதில் மாவு தானே அடியில் படிகிறது, உடைந்தது வகை, ஆக்டிவ். ஐந்தாவதில் "தென்" என்பதை எடுத்துவிட்டால் "இஸ் ஷேப்ட்", பாசிவ். காற்புள்ளிக்குப் பின் வரும் "ஆர் ரோஸ்டட்" இன்னொரு பாசிவ்.

ஆறாவதில்தான் பலர் சறுக்குவார்கள். தொடக்கத்தில் "பை" இருக்கிறது, ஆனால் அது மாலைக்குள் என்று நேரம் சொல்கிறது. "ஸ்ப்ரெட்" என்பது களத்தில் பரப்பிய ஜவ்வரிசி, "விச் வாஸ்" கழன்று விழுந்த வடிவம், பிரதான வினை இல்லை. பிரதான வினை "ஹாஸ் ட்ரைட்". ட்ரைடுக்கு முன் நிற்பது ஹாஸ், பி குடும்பம் இல்லை. ஜவ்வரிசி காய்ந்துவிட்டது: ஆக்டிவ். "ஹாஸ் பீன் ட்ரைட்" என்று எழுதியிருந்தால் யாரோ காயவைத்தார்கள் என்று ஆகி, பாசிவாக இருந்திருக்கும்.